நாலு ரயரும் ஓர் இரவு வேலையும்



உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்திய விடுமுறையில் நமது வாலிபர் ஐக்கியம் கோ-கார்ட் ஓடப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை. எல்லோரும் கையில் கொடுத்த கடதாசியில் தங்கள் சுற்று நேரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றும் இடத்தில் இரண்டு தம்பிமார் வந்து நின்றார்கள். ஒருவருக்கு 16 வயது, மற்றவருக்கு 17. "அக்கா, சொந்தமா ஒரு கார்ட் வாங்கி ரேஸ் ஓடுறதெண்டால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டார்கள். அதற்கடுத்த கிழமை ஒரு தாயார் வேறு மாதிரிக் கேட்டார்: "ஏன் பிள்ளையளுக்கு உந்த ஆசையைக் காட்டினனீங்கள்?"

தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் எங்களிடம் இருக்கவில்லை. வழமையாக இந்தப் பக்கத்தில் நித்திரை, இரும்புச்சத்து, பரீட்சைக் காலத்துப் பதற்றம் என்று எழுதுகிறோம். இந்த மாதம் அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறோம்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம்: எங்கள் மகனுக்கு 10 வயதாக இருந்தபோது நாங்கள் ஒரு கார்ட் வாங்கினோம். 11 மாதத்தில் விற்றோம். இப்போது அவனுக்கு வயது 12. இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டோம். "கையைப் பற்றியும் எழுதுங்கோ" என்றான். அதற்குப் பிறகு வருகிறோம்.

குறுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாடகைக் கார்ட்டில் ஓடுவது புதிதாகத் தொடங்குபவருக்குக் கொடுக்கும் காசுக்குப் பெறுமதியானது. சொந்தக் கார்ட், குறைந்தது முதல் ஒரு வருடத்துக்கு, பெறுமதியானது அல்ல. இந்த இரண்டாவது வசனத்தைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு 22 இரவுகள் தேவைப்பட்டன.

முதலில் கார்ட்டைப் பற்றிக் கொஞ்சம். பலர் இதைக் கண்காட்சித் திடலில் முட்டி விளையாடும் கார் போல நினைக்கிறார்கள். 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், பந்தயக் கார்கள் கட்டும் இடத்தில் வேலை செய்தவர், இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றில் புல்வெட்டியின் சின்ன என்ஜினைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். அதுதான் முதல் கார்ட் என்று சொல்வார்கள். இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. வில்லும் இல்லை, அதிர்வு தாங்கியும் இல்லை. பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும்.

இந்தக் கடைசி விடயம் மிகவும் சுவாரசியமானது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரம் ஓடவேண்டும், உட்பக்கச் சில்லு குறைந்த தூரம். நாங்கள் ஓட்டும் காரில் அதற்கென்று டிஃபரென்ஷியல் இருக்கிறது. கார்ட்டில் இல்லை. இரண்டு சில்லும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆகவே கார்ட் எப்போதும் நேராகப் போகவே விரும்பும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்பக்கத்தின் அமைப்பும் சட்டத்தின் வளைந்துகொடுக்கும் தன்மையும் சேர்ந்து உட்பக்கப் பின்சில்லை நிலத்திலிருந்து ஒரு மயிரிழை தூக்கிவிடும். அந்தக் கணத்தில்தான் கார்ட் திரும்புகிறது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் வழுக்கும், வேகம் போய்விடும். நேராகப் போகும்போதே பிரேக்கைப் போட்டு முடித்து, பிறகு மெதுவாகத் திருப்பி, வளைவு திறக்கும்போது அக்சிலரேற்றரை மிதிக்கவேண்டும். பலசாலிக்கு இதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. பொறுமைசாலிக்கு உண்டு. நாங்கள் கூட்டிக்கொண்டு போன தங்கை ஒருவர் முதல் பதினைந்து நிமிடத்தில் கடைசி. இரண்டாவது பதினைந்து நிமிடத்தில் தன் சொந்த நேரத்திலிருந்தே 4 செக்கன் குறைத்திருந்தார். அவருக்கு ஒருவரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தம் போட்டுத் திருப்பினால் பிந்துகிறது என்று அவரே கண்டுபிடித்தார்.

இந்த வித்தையைப் பழக வாடகைக் கார்ட் தாராளமாகப் போதும். அதன் பின்னால் அநேகமாக ஹொண்டாவின் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் இருக்கும். மின்பிறப்பாக்கியிலும் நீர்ப்பம்பியிலும் வரும் அதே குடும்பம்தான். ஊரில் தோட்டத்துக்கு இறைத்த தாத்தாமார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மிளகாய்க் கன்று நினைவுக்கு வரும். உள்ளரங்க இடங்கள் சிலவற்றில் இப்போது மின்கலத்தில் ஓடும் கார்ட்டுகள். கனம் அதிகம், சுற்றிவரத் தடித்த பிளாஸ்டிக் காப்பு, மோதினாலும் கார்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. நாங்கள் போகும் இடத்தில் பிள்ளைகளுக்கு 15 நிமிடம் இரண்டு தடவை ஓட 38 பவுண். ஹெல்மெற், மேலங்கி, பெற்றோல், ரயர், திருத்த வேலை எல்லாம் அவர்களுடையது. ஓடி முடித்ததும் ஹெல்மெற்றைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். இந்த வசதியின் விலை அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

மகன் தொடங்கியது ஒரு நண்பனின் பிறந்தநாளில். ஒன்பது பிள்ளைகளில் முதலாவதாக வந்தான். நடுவில் ஏறி நின்று பிளாஸ்டிக் கோப்பையைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற ஒருவர், தானும் ஒரு கார்ட் தகப்பன்தான் என்று சொல்லி, "உங்கட பிள்ளைக்கு இது இயல்பாவே வருது" என்றார். அந்த ஒரு வசனம் எங்களை ஒரு வருடம் ஓடவைத்தது. மற்ற எட்டுப் பேரும் அதற்கு முன் கார்ட்டில் இருந்ததே இல்லை என்பதையும், ஒன்பது பேரில் எங்கள் மகன்தான் ஆக மெலிந்தவன் என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை. ஒரே என்ஜின், ஒரே கார்ட் என்றால் பாரம் குறைந்தவர் வேகமாகப் போவார். அதனால்தான் ஒழுங்கான வாடகைப் போட்டிகளில் மெலிந்தவர்களின் கார்ட்டில் ஈயப் பாரம் வைத்துச் சமப்படுத்துகிறார்கள். பிறந்தநாள் விழாவில் யார் பாரம் வைப்பார்கள்?

அடுத்த ஆறு மாதத்தில் நாலு தடவை வாடகைக்கு ஓடினான். ஐந்தாவது தடவைக்குப் பதிலாக, இணையத்தில் விளம்பரம் பார்த்து, ஹொண்டா GX160 என்ஜின் பூட்டிய பாவித்த கெடெட் கார்ட் ஒன்றை 1,650 பவுணுக்கு வாங்கினோம். கெடெட் என்பது 8 வயதிலிருந்து 13 வயது வரையான பிள்ளைகளின் பிரிவு. அதற்குள்ளேயே பல வகை உண்டு. ஹொண்டா வகை செலவு குறைந்தது என்று சொன்னார்கள். அது உண்மைதான். டூ ஸ்ட்ரோக் என்ஜின் பக்கம் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எங்களுக்குத் துணிவு வந்திராது.

இப்போது கணக்கு. எங்களில் ஒருவர் தாதி, மற்றவர் களஞ்சியசாலை ஒன்றில் மேற்பார்வையாளர். வீட்டுச் செலவு எல்லாம் மாதச் சம்பளத்துக்குள் அடங்கும். கார்ட் அடங்காது. ஆகவே வைத்தியசாலையில் மேலதிக இரவு வேலை எடுத்தோம். ஓர் இரவுக்கு வரி கழித்துக் கையில் வருவது ஏறக்குறைய 170 பவுண். ஒரு செற் ரயர் 150 பவுண். மிச்சம் 20 பவுணில் பெற்றோலும் சாப்பாடும். நாலு ரயர் என்றால் ஓர் இரவு என்று எங்கள் வீட்டில் ஒரு அளவுகோல் வந்துவிட்டது.

ஹெல்மெற், உடுப்பு, சப்பாத்து, கையுறை, விலாக் காப்பு எல்லாம் சேர்த்து 520. உரிமம், பரீட்சை 160. ரயர் இரண்டு செற் 300. இரண்டாவது பயிற்சி நாளில் பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர் கார்ட்டைச் சமதரையில் வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சட்டம் ஒரு பக்கம் முறுகியிருந்தது. அடிக்குழாய் தரையில் உரசித் தேய்ந்து, இருக்கையைப் பூட்டும் இடத்தருகே வெடித்திருந்தது. விற்றவருக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறோம். ஆனால் குனிந்து பார்க்காதது நாங்கள். ஒட்டி நிமிர்த்த 240. என்ஜினைப் பிரித்துப் பூட்ட 300. பயிற்சி நாட்கள் 11, நாள் ஒன்றுக்கு 45 பவுண். பந்தயங்கள் ஐந்து, ஒன்றுக்கு 80. போய்வரும் பெற்றோலுக்கு 480. சங்கிலி, பற்சில்லு, பிளக், எண்ணெய் என்று சில்லறையாக 215. கூட்டினால் 4,760. கடைசியில் 1,050 பவுணுக்கு விற்றோம். போனது 3,710 பவுண். 170ஆல் பிரித்துப் பாருங்கள், 22 இரவுகள்.

அதே காசுக்கு 97 தடவை வாடகைக் கார்ட் ஓடியிருக்கலாம். கிழமைக்கு ஒரு தடவை என்றாலும் இரண்டு வருடத்துக்குக் கிட்ட.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். பந்தய நாளில் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ஒன்றேகால் மணித்தியாலம் ஓடி, பதிந்து, பரிசோதனைக்குக் காட்டி, பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வெளிக்கிடுவோம். அந்த முழு நாளில் பிள்ளை ட்ராக்கில் ஓடும் நேரம் எல்லாம் சேர்த்து 40 நிமிடம் வராது. புதியவர்கள் கறுப்புப் பலகையில் வெள்ளை எண்ணுடன் ஆகப் பின்னாலிருந்துதான் தொடங்க வேண்டும். அது நல்ல ஒழுங்கு. ஆனால் அந்த நிமிடங்களில் பாதி, முன்னால் மோதிக்கொண்டவர்களைச் சுற்றிப் போவதிலேயே முடிந்துவிடும்.

பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். பயிற்சி சனிக்கிழமைகளில். எங்கள் பிள்ளைகளுக்குச் சனி தமிழ்ப் பாடசாலை, ஞாயிறு ஆராதனையும் ஓய்வுநாள் பாடசாலையும். வாங்குமுன் இதை யோசிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தோம். "அஞ்சு ஞாயிறுதானே" என்றோம். உண்மையில் ஐந்து ஞாயிறு அல்ல. பந்தயத்துக்கு முந்திய ஞாயிறு கார்ட்டைப் பூட்டுவதிலும், பிந்திய ஞாயிறு களைப்பிலும் போயிற்று. ஓய்வுநாள் பாடசாலை அன்ரி ஒருநாள் தொலைபேசியில் "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையுடன் கேட்டார். அந்த அழைப்புக்கு என்ன பதில் சொன்னோம் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

இனிக் கையைப் பற்றி.

ஐந்தாவது பந்தயம். மழை. முதல் நாள் இரவு வேலை முடித்துவந்த எங்களில் ஒருவர் காருக்குள் நித்திரை, மற்றவர் கம்பிவேலி ஓரம். மூன்றாவது ஓட்டத்தில் மகன் வழுக்கிச் சுழன்று, இன்னொரு கார்ட் முன்சில்லில் இடித்தது. பெரிய மோதல் இல்லை. தானாகவே ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தான். ஹெல்மெற்றைக் கழற்றுமுன் அவன் சொன்ன முதல் வார்த்தை, "கார்ட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லை." நாங்களும் குனிந்து பார்த்தோம். கார்ட்டைத்தான். ஸ்டியரிங் தண்டு கொஞ்சம் வளைந்திருந்தது. அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

இரவு சாப்பாட்டில் இடது கையால் சாப்பிட்டான். அப்போதுதான் பார்த்தோம். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடி வரும்போது ஸ்டியரிங் திருப்பி அடித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் சிறிய முறிவு. எலும்பு இரண்டாகாமல் ஒரு பக்கம் நசுங்கி மடியும் வகை. பிள்ளைகளின் இளம் எலும்பில் அடிக்கடி காண்பது. மூன்று கிழமை பட்டி கட்டினால் ஆறிவிடும், ஆறியும் விட்டது. ஆனால் காலை பதினொரு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை அதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான். வார்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம், "வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதுகிறோம். பின் இருக்கையில் இருந்த பிள்ளையிடம் கேட்கவில்லை.

ஏனடா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஸ்டியரிங்கும் வளைஞ்சிட்டுது. கையும் எண்டால் அம்மா இன்னும் ஒரு இரவு போகவேணும்" என்றான்.

அந்த அளவுகோலை அவனும் பழகியிருந்தான். நாங்கள் குசினியில் மெதுவாகக் கதைத்த கணக்கெல்லாம் அவனுக்குத் தெரியும். பிறகு பழைய நேரக் கடதாசிகளை எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் விளங்கியது. வாடகைக் கார்ட்டில் ஒவ்வொரு தடவையும் வேகம் கூடிக்கொண்டு வந்தவன், சொந்தக் கார்ட்டில் மாதத்துக்கு மாதம் மெதுவாகியிருக்கிறான். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை துணிந்து திருப்பும்? அடுத்த மாதம் விற்றோம். விற்கும்போது, வாங்க வந்தவருக்கு ஒட்டிய இடத்தைக் குனிந்து காட்டினோம். அதனால் விலையில் 150 குறைத்தார். சரி என்றோம்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் மாமா ஒருவர், "லூயிஸ் ஹமில்டனின்ர தகப்பன் இப்பிடி யோசிச்சிருந்தால்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஹமில்டன் எட்டு வயதில் ஹொடெஸ்டனில் உள்ள ரை ஹவுஸ் ட்ராக்கில் ஓடத் தொடங்கியவர். அவருடைய தகப்பன் அன்ரனி, கிரனடாவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்து மகனை ஓடவைத்தார். குடியேறி வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கதை நெஞ்சைத் தொடும். ஆனால் 1998இல், மகனுக்கு 13 வயதானபோது, மக்லாரன் நிறுவனம் அவரைத் தன் இளம் ஓட்டுநர் திட்டத்தில் எடுத்தது. தகப்பனின் சம்பளத்தை மட்டும் நம்பி அவர் கடைசிவரை வரவில்லை. தன் குடும்பத்தைப் போன்ற ஒரு உழைக்கும் குடும்பத்தால் இன்று அந்த வழியில் ஏறிவர முடியாது என்று ஹமில்டனே பல தடவை சொல்லியிருக்கிறார். நம்மவர் கதைக்கு வந்தால், 2005இல் ஃபோர்முலா வண்ணில் ஓடிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் தகப்பன் தானே ரலி ஓட்டியவர். 2010இல் ஓடிய சென்னை கருண் சந்தோக்கின் வீடும் மோட்டார் பந்தயத்திலேயே ஊறிய வீடு. அவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. கார்ட்டின் அடியில் குனிந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தார் என்று சொல்கிறோம்.

தாதி என்ற முறையில் சிலவற்றைச் சொல்லாமல் விடமுடியாது. வாடகையோ சொந்தமோ, இது எல்லோருக்கும்.

துப்பட்டா, சால்வை, கழுத்துத் துணி, தொங்கும் கயிறுள்ள ஹூடி எதுவும் வேண்டாம். நீண்ட பின்னலை மேலங்கிக்குள் விட்டு, ஹெல்மெற்றின் உள்ளே அடக்கிக் கட்டுங்கள். சுழலும் அச்சு உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. 2018இல் இந்தியாவின் ஹரியானாவில் பொழுதுபோக்குக்காகக் கார்ட் ஓடிய இளம் தாய் ஒருவரின் தலைமுடி சில்லில் சிக்கி, குடும்பத்தின் கண்முன்னே இறந்துபோனார். எங்கள் பெண்பிள்ளைகளுக்குத் தலைமுடி நீளம். இதில் வெட்கமும் அவசரமும் வேண்டாம். ஆராதனை உடுப்போடு நேராக வந்துவிட்டோம் என்றால் அன்றைக்கு ஓடாமல் இருங்கள்.

பந்தயக் கார்ட்டில் இருக்கைப் பட்டி இல்லை என்று பெற்றோர் பயப்படுவார்கள். தலைக்கு மேல் காப்புக் கூடு இல்லாத வண்டி புரண்டால், அதற்குள் கட்டுப்பட்டுக் கிடப்பதைவிட வெளியே விழுவது மேல் என்பதுதான் காரணம். கூடு உள்ள வாடகைக் கார்ட்டுகளில் பட்டியும் இருக்கும், அங்கே போடுங்கள். அடிக்கடி காயப்படுவது விலா. மெல்லிய இருக்கையின் விளிம்பு ஒவ்வொரு வளைவிலும் அங்கேதான் அழுத்தும். ஹெல்மெற்றை மட்டும் பாவித்ததாக வாங்காதீர்கள். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெற் வெளியில் அழகாக இருக்கும், உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இறங்கும்போது என்ஜின் பக்கம் கை ஊன்றாதீர்கள். புகைக்குழாய் சுட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். முழு இருபது நிமிடம். பற்பசை, நெய், மஞ்சள் ஒன்றும் வேண்டாம். எத்தனை அம்மம்மாமார் எங்களோடு கோபித்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். தலையில் அடிபட்டு, தலைச்சுற்றோ குழப்பமோ வாந்தியோ சாடையாக இருந்தாலும் அன்றைய ஓட்டம் அவ்வளவுதான். பொழுதுபோக்கு விளையாட்டுக்களுக்காக இந்த நாட்டில் 2023இல் வந்த வழிகாட்டலின்படி, மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் இருந்தாலே 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக்கூடாது. கட்டிய காசு போகட்டும்.

இப்போது அந்த இரண்டு தம்பிமாருக்கு. உங்கள் சனிக்கிழமை வேலைக் காசில் ஒரே ட்ராக்கில் பத்துத் தடவை வாடகைக்கு ஓடுங்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் கடதாசியை எறியாதீர்கள். ஆக வேகமான சுற்றைப் பார்த்துப் பெருமைப்படாமல், அதற்கும் மற்றச் சுற்றுகளுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று பாருங்கள். அந்த இடைவெளி பத்துத் தடவையில் ஒடுங்கிக்கொண்டு வந்தால் உங்களுக்கு இது உண்மையாகவே பிடித்திருக்கிறது. பாரம் சமப்படுத்தி நடத்தும் வாடகைப் போட்டித் தொடர்கள் உண்டு, அதில் ஒரு பருவம் ஓடுங்கள். ஒரு நாள் கழகப் பந்தயம் ஒன்றுக்குச் சும்மா போய், காலையிலிருந்து பின்னேரம்வரை கார்ட்டுகள் நிற்கும் பக்கத்தில் நில்லுங்கள். ட்ராக்கைப் பார்க்காதீர்கள், தகப்பன்மாரின் முகத்தைப் பாருங்கள். கொடி காட்டும் மார்ஷல்களுக்கு எப்போதும் ஆள் தேவை. 16 வயதிலிருந்து அதில் சேரலாம், காசு தேவையில்லை. ஓட்டுபவரைவிடக் கூடுதலாக அங்கே பந்தயத்தைக் கற்றுக்கொள்வீர்கள்.

இதற்கெல்லாம் பிறகும் ஆசை இருந்தால், ஒரு குழுவின் கார்ட்டை ஒரு நாளைக்குக் காசு கொடுத்து ஓடிப் பாருங்கள். பிறகும் வாங்கத்தான் வேண்டுமென்றால், தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், சமதரையில் வைத்து, அடிக்குழாயைத் தடவிப் பார்த்து, என்ஜின் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று எழுதிய கொப்பியைக் கேளுங்கள். ஒரு தடவை மோதித் திருத்துவதற்கான காசை வாங்குமுன்பே ஒதுக்கி, அது போய்விட்டதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு இல்லாமல் வாங்காதீர்கள். அது அப்பா அம்மாவின் இரவாக இருந்தால் இன்னும் வேண்டாம்.

ஆசையைக் காட்டினீர்கள் என்று கேட்ட தாயாருக்கு: ஓம் அன்ரி, காட்டினோம். அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் அத்தனை பேரின் தொலைபேசியும் பெட்டியில் பூட்டிக் கிடந்தது, ஒருவரும் தேடவில்லை. மஞ்சள் கொடி கண்டதும் உங்கள் மகன் முந்தாமல் வேகத்தைக் குறைத்தார். வீட்டில் நீங்கள் எத்தனை கொடி காட்டுகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கார்ட் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

எங்கள் மகன் இப்போது மாதத்தில் ஒரு சனி பின்னேரம் வாடகைக்கு ஓடுகிறான். போன மாதம் பன்னிரண்டு பேரில் ஏழாவது. சிரித்துக்கொண்டே வந்து, கழற்றிய ஹெல்மெற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் எந்த வளைவில் பிழைவிட்டான் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தான். கார்ட்டை வாங்கியவர் அதன் தள்ளுவண்டி தன்னிடம் இருக்கிறது, வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார். போன அறுவடை விழாவுக்குப் பூசணிக்காயும் அரிசி மூட்டையும் மண்டபத்துக்குள் வந்தது அதில்தான். இந்த வருடமும் தேவையென்றால் சொல்லுங்கள், கராஜில் நிற்கிறது.

வாலிபர் ஐக்கியம் அடுத்து ஓடப்போவது பாடசாலை விடுமுறை தொடங்கும் முதல் சனி, தமிழ்ப் பாடசாலை முடிந்த பிறகு. வர விரும்புபவர்கள் செயலாளரிடம் பெயரும் 38 பவுணும் கொடுங்கள். தலைமுடியைக் கட்ட ஒரு ரப்பர் பட்டியும் கொண்டுவாருங்கள்.